செண்டுமல்லிச் செடி உயரமாகப் போகிறது, பூ மட்டும் ஒன்றிரண்டுதான். என்ன செய்வது?

விதை போட்டு வளர்த்த செடி ஒற்றைத் தண்டாக நெடுநெடுவென்று போகிறது, இலையெல்லாம் பச்சைப்பசேல், உச்சியில் மட்டும் ஒரு மொட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். இது நோய் மாதிரித் தெரியவில்லை. நுனி கிள்ளாமல் விட்டிருப்பீர்கள், உரமும் கொஞ்சம் தாராளமாகப் போயிருக்கும்.

தண்டின் நுனியில் ஆக்சின் என்ற வளரூக்கி சுரக்கிறது. கீழே ஒவ்வொரு இலைக்கணுவிலும் இருக்கும் பக்க மொட்டுகளை அதுதான் கிளம்ப விடாமல் அடக்கி வைக்கிறது. நுனியை எடுத்துவிட்டால் அந்த மொட்டுகள் எல்லாம் கிளையாகப் புறப்படும், ஒவ்வொரு கிளையின் முனையிலும் பூ வரும். செடி ஒரு சாண் உயரம் வந்ததும் உச்சியை இரண்டு இலையோடு கிள்ளிவிட வேண்டும். அப்போதே ஒரு குட்டி மொட்டு தெரிந்தால் கிள்ள மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்கள். முதல் பூ சில நாள் தள்ளிப்போகும், அதற்கப்புறம் வருவது கொத்தாக வரும். உயரம் போய்விட்ட உங்கள் செடியையும் இப்படிச் சரி செய்யலாம். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள், கீழே நல்ல இலைகள் மிஞ்சியிருந்தால் போதும். வெட்டிய நுனியைத் தூக்கிப் போடாதீர்கள். மொட்டையும் அடி இலைகளையும் நீக்கிவிட்டு ஈர மண்ணில் நிழலில் குத்தி வைத்தால் இரண்டு வாரம் போல வேர் விட்டுவிடும்.

இதெல்லாம் உயர ரகத்துக்கு. குட்டை ரகம் தானாகவே கிளை விடும், அதைக் கிள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்தது உரம். தழைச்சத்து கூடினால் செண்டுமல்லி இலையாகத் தள்ளும், பூவை மறந்துவிடும். நடும்போது மண்ணில் கலந்த மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ பெரும்பாலும் போதுமானது. வாராவாரம் எதையாவது ஊற்றிக்கொண்டே இருப்பதை நிறுத்துங்கள். வெயில் தினம் 6 மணி நேரமாவது நேராகப் பட வேண்டும். அது குறைந்தாலும் தண்டு இப்படித்தான் நீளும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: உயர ரகம் பகல் குறைந்து இரவு நீளும் காலத்தில்தான் சீக்கிரம் பூக்கும். இரவு முழுக்க விளக்கு எரியும் இடத்தில் தொட்டி இருந்தால் நகர்த்தி வையுங்கள்.

தண்ணீரை மேல்மண் காய்ந்த பிறகு வேரடியில் ஊற்றினால் சரி. பூவின் மேல் ஊற்றினால் அடுக்கிதழுக்குள் ஈரம் தங்கி அழுகும்.

தக்காளிப் பக்கத்தில் ஒரு செண்டுமல்லி வைத்தால் பூச்சியே அண்டாது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு நம்ப வேண்டாம். இதன் வேரில் ஆல்ஃபா-டெர்த்தியனைல் என்ற பொருள் இருக்கிறது, வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் கண்ணுக்குத் தெரியாத புழுவான வேர்முடிச்சு நூற்புழுவை அது கட்டுப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பலன் வேண்டுமென்றால் பாத்தி முழுக்க நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் இதையே வளர்த்து, அப்புறம் அந்த இடத்தில் தக்காளி வைக்க வேண்டும். ஓரத்தில் ஒன்றிரண்டு செடி நின்றால் அது நடக்காது. சொல்லப்போனால் வறண்ட வெயில் காலத்தில் சிவப்புச் சிலந்தி என்ற சாறு உறிஞ்சும் பொடி உயிரி முதலில் செண்டுமல்லியிலேயே ஏறும். இலையில் பொடிப்பொடியாக வெளிர்புள்ளி தெரிந்தால் திருப்பிப் பாருங்கள். மெல்லிய நூலாம்படை இருந்தால் இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். ஆரம்பத்திலேயே சில நாள் விடாமல் செய்தால் அடங்கும்.

பூக்க ஆரம்பித்தபின் வாடிய பூவைக் காம்போடு எடுத்துவிடுங்கள். செடியிலேயே விட்டால் சத்து விதைக்குப் போய், புது மொட்டு குறையும். விதை வேண்டுமென்றால் கடைசியில் நல்ல பூக்களாக நான்கைந்தை மட்டும் செடியிலேயே முழுக்கக் காய விடுங்கள். உள்ளே ஒரு முனை கறுப்பாகவும் மறுமுனை வைக்கோல் நிறத்திலும் இருக்கும் மெல்லிய குச்சிகள்தான் விதை. கறுப்பு முனை தடித்திருந்தால் முளைக்கும், சப்பையாக இருந்தால் பதர். உங்களுடையது ஹைபிரிட் (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய) ரகம் என்றால் அதன் விதையில் தாய்ச்செடி மாதிரியே பூ வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்கு நான் சொன்ன நுனிக் குச்சியை நடும் வழிதான் சரி.