வாசகர் கேள்வி – பதில்: டைனோசர் பார்க்க வாரணவாசிக்கு

கேள்வி: திருச்சியிலிருந்து நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 48 பேரை அரியலூர் மாவட்டம் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறோம். ‘டைனோசர் பார்க்கப் போகிறோம்’ என்று சொல்லியிருக்கிறோம். வேறென்ன தயார் செய்ய வேண்டும்? – ஆசிரியை ஒருவர்

பதில்: முதலில் அதை மாற்றி, ‘பழைய கடலைப் பார்க்கப் போகிறோம்’ என்று சொல்லிவிடுங்கள். டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்தில் அரியலூர்ப் பகுதி கடலுக்கடியில் இருந்தது. அந்த மண்ணில் கிடைப்பவற்றில் பெரும்பங்கு அம்மோனைட் (சுருண்ட ஓடுள்ள, இன்று இல்லாத கடலுயிர்), சிப்பி போன்ற கடலுயிர்கள்தான். நிற்கிற எலும்புக்கூட்டை எதிர்பார்த்து வரும் பிள்ளை ஐந்தே நிமிடத்தில் சலித்துப்போகும்.

கடல் விலகிய பின் டைனோசரும் இங்கே வாழ்ந்ததுதான். கல்லமேடு கிராமத்தில் கிடைத்த டைனோசர் எலும்புகளுக்கு 1987-இல் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள ஒரு எலும்பே 2 மீட்டர் நீளம் என்று பதிவாகியிருக்கிறது. பிற்பாடு அவை பொடிந்து போய்விட்டன. கிளம்புவதற்கு முந்தின நாள் வகுப்புத் தரையில் 2 மீட்டருக்குச் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு பிள்ளையைப் பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள். எத்தனை பெரிய விலங்கு என்பது அதிலேயே புரியும்.

அருங்காட்சியகத்தில் அம்மோனைட்டுக்கு நேரம் கொடுங்கள். சுருண்ட ஓட்டுக்குள் வரிசையாக அறைகள். உயிர் இருந்தது வாய்ப்பக்கத்துக் கடைசி அறையில் மட்டும். மேல்தோடு உதிர்ந்த கல்லில் இலைவிளிம்பு போல நெளிந்தோடும் கோடுகள் தெரியும். அறைச்சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள் அவை. பிள்ளைகள் அந்த ஒரு கோட்டைப் பார்த்து வரையட்டும். டைனோசர்கள் அழிந்த அதே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவில்தான் அம்மோனைட்டுகளும் முடிந்துபோயின.

பணித்தாளில் மூன்று வேலைக்கு மேல் வேண்டாம். இருபது கேள்வி கொடுத்தால் பெயர்ப்பலகையைத்தான் காப்பியடிப்பார்கள். எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர். 24 பேர் உள்ளே, 24 பேர் வெளியே, அரைமணிக்கொருமுறை மாற்றம். விடுமுறை நாளையும் கழிப்பறை வசதியையும் முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோரின் சம்மதக் கடிதம், பேருந்தின் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ், பர்மிட் நகல்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி: சாத்தனூர் கல்மரத்தையும் சேர்க்கலாமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: கட்டாயம் சேர்க்கலாம். திருச்சியிலிருந்து வரும்போது சாத்தனூர்தான் முதலில் வரும். திறந்தவெளி என்பதால் வெயில் ஏறுமுன் பார்த்துவிடுங்கள். கல்லாகிப்போன 18 மீட்டர் நீள மரம். பதினான்கு பிள்ளைகள் கைகோத்து நின்றால் ஏறக்குறைய அந்த நீளம் வந்துவிடும். அது தேசியப் புவியியல் சின்னம், ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. பேருந்தில் ஏறும்போது சட்டைப்பைகளைப் பார்த்துவிடுங்கள். உருண்டைக் கல்லை ‘டைனோசர் முட்டை’ என்று யாராவது நீட்டுவார்கள். 2020-இல் குன்னம் பகுதியில் கிடைத்த உருண்டைக் கற்களை ஊரே அப்படித்தான் நம்பியது; அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கற்கள்.

காலையில் பூரி வேண்டாம், இட்லி போதும். வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு முன்சீட். மதியத்துக்குப் புளிசாதம் போதும்; தயிர்சாதம் வேண்டாம், பேருந்துச் சூட்டில் புளித்துவிடும்.