அப்பம்மாட பேருக்கு 3000 டொலராம்

கேள்வி: நிலாவெளியில 11 வருஷமா கெஸ்ட்ஹவுஸ் நடத்துறம். அப்பம்மாட பேரோட நிலாவெளியையும் சேர்த்து வச்ச பேர், அதே பேரில டாட் காம் வெப்சைட்டும் இருந்தது. அதைச் செய்து தந்த தம்பி கட்டாருக்குப் போய் ரினியூ பண்ண மறந்திட்டார். இப்ப ஆரோ அதை எடுத்து வேற ஹோட்டல் விளம்பரம் போட்டுக்கொண்டு, 3000 டொலர் தந்தா தாறன் எண்டு ஈமெயில் அனுப்புறார். கோட்டுக்குத்தான் போக வேணுமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: வேண்டாம் தங்கச்சி. ஆள் எந்த நாட்டில எண்டே தெரியாம திருமலைக் கோட்டில இருந்து நோட்டீஸ் ஆருக்கு அனுப்புறது? இன்டர்நெட் பேர்களை மேற்பார்க்கிற ஐகான் அமைப்பு, வெப்சைட் பேர்ச் சண்டைகளைத் தீர்க்க 1999இல யூடிஆர்பி எண்டு ஒரு நடைமுறை கொண்டுவந்தது, டொமைன், அதாவது வெப்சைட் பேர், வாங்கேக்க நாங்கள் வாசிக்காம டிக் போடுற ஒப்பந்தத்துக்குள்ளயே அது இருக்கு, அதால பேரை எடுத்த ஆள் “எனக்குச் சம்பந்தமில்லை” எண்டு சொல்லேலாது. ஜெனீவாவில இருக்கிற வைப்போ எண்ட உலக அறிவுசார் சொத்து அமைப்பில ஒன்லைன்லயே முறைப்பாடு போடலாம். பதில் சொல்ல அவருக்கு 20 நாள், வாயே திறக்காட்டியும் தீர்ப்பு வரும்.

ஆனா மூண்டு விசயம் நிரூபிக்க வேணும், ஒண்டு பிழைச்சாலும் போச்சு. டொமைன் உங்களுக்கு ட்ரேட்மார்க் உரிமை இருக்கிற பேரோட குழம்புற மாதிரி இருக்கு, அவருக்கு அந்தப் பேரில நியாயமான உரித்து இல்லை, கெட்ட எண்ணத்தோடதான் எடுத்துப் பாவிக்கிறார். கடைசி ரெண்டுக்கும் அந்த 3000 டொலர் ஈமெயில் நல்லா உதவும், கோபத்தில அழிச்சுப்போடாதேங்கோ. இடிக்கிறது முதலாவதுதான். நிலாவெளி எண்ட பேர் ஊருக்கே சொந்தம், அதை மட்டும் வச்சு ஒண்டும் செய்யேலாது, அப்பம்மாட பேர்தான் உங்கட பலம். ட்ரேட்மார்க் பதியாட்டியும், அந்தப் பேரைக் கேட்டா உங்கட இடம்தான் எண்டு ஆக்களுக்குத் தெரியும் எண்டு காட்டினா ஏற்பினம்: பழைய ரசீதுப் புத்தகம், வெள்ளைக்காரர் அனுப்பின புக்கிங் ஈமெயில், ரோட்டோரப் போர்ட்டு தெரியிற திகதி போட்ட படம், எல்லாத்தையும் தேடி எடுங்கோ.

செலவைச் சொன்னா மனம் நோகும். ஒரு நடுவருக்கு 1500 டொலர், வெண்டாலும் அந்தக் காசு திரும்பாது, நட்ட ஈடு எண்டு ஒரு சதமும் இல்லை, பேரை உங்களுக்கு மாத்துவினம் இல்லாட்டி ரத்துச் செய்வினம், அவ்வளவுதான். நானெண்டா முதல்ல ஒரு 200 டொலருக்குக் கேட்டுப் பாப்பன், மீன் சந்தையில பேரம் பேசாமலா வாங்குறம்? படிஞ்சு வராட்டி பிறகு முறைப்பாடு.

அதுக்கிடையில சீசன் வந்திடும், இலங்கைக்குரிய டாட் எல்கே பேர் ஒண்டை உடன எடுங்கோ. இந்த முறை உங்கட பேரில, உங்கட ஈமெயில்ல. கட்டார்த் தம்பியிட்ட பாஸ்வேர்ட் மட்டும் குடுத்தாக் காணும்.