லின்ஸ் விழாவுக்குப் படைப்பு அனுப்பலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் ஆண்டுதோறும் செப்டம்பர் தொடக்கத்தில் ஐந்து நாள் நடப்பது ஆர்ஸ் எலெக்ட்ரோனிகா விழா. கலையும் தொழில்நுட்பமும் கலந்த சோதனைப் படைப்புகளுக்கு உலகத்தில் முதலில் நினைவுக்கு வரும் இடங்களில் ஒன்று. அதற்கும் அந்த வகையைச் சேர்ந்த மற்ற விழாக்களுக்கும் விண்ணப்பிக்க நினைக்கும் இளம் கலைஞர்களின் கேள்விகள் இந்த இதழில்.

சிற்பத்தோடு வீடியோவும் ஒலியும் சேர்த்து ஒரு படைப்பு செய்திருக்கிறேன். இதை இன்டர்மீடியா என்று சொல்லி அனுப்பலாமா? (மாணவி, கும்பகோணம்)

ஒரு சோதனை செய்து பாருங்கள். வீடியோவை நிறுத்திவிட்டால் சிற்பம் தனியாக நிற்கிறதா? ஒலியை அணைத்தால் பார்வையாளருக்கு ஏதாவது குறைகிறதா? எதை எடுத்தாலும் மற்றவை அப்படியே இருக்கின்றன என்றால், மூன்று படைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நடுவர் குழு எடுத்துக்கொள்ளும். ஃப்ளக்ஸஸ் என்ற சோதனைக் கலைக் குழுவைச் சேர்ந்த டிக் ஹிக்கின்ஸ் 1966-இல் இன்டர்மீடியா பற்றி எழுதியபோது, ஏற்கெனவே இருக்கும் கலைகளுக்கு நடுவில் விழும் வேலைகளைத்தான் மனத்தில் வைத்திருந்தார். வீடியோ கலைஞர் 'நாம் ஜூன் பைக்' 1971-இல் மூன்று தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செல்லோ வடிவில் அடுக்கித் தந்தி பூட்டினார். செல்லோ கலைஞர் ஷார்லட் மூர்மன் அதை வில்லால் வாசித்தார். அதில் தொலைக்காட்சியை எடுத்தால் வாத்தியம் இல்லை. வாசிப்பவரை எடுத்தால் படைப்பே இல்லை.

விண்ணப்பத்தில் 'இன்டர்மீடியா', 'இம்மர்சிவ்' (பார்வையாளரை உள்ளே இழுத்துச் சூழ்வது) போன்ற சொற்களை அடுக்குவது பயன் தராது. வருகிறவர் எங்கே நிற்கிறார், என்ன கேட்கிறார், அவர் ஒன்று செய்தால் என்ன மாறுகிறது என்பதை முதல் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள். உங்கள் சிந்தனை, பின்னணி எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

பெரிய பெயர்கள் வரும் இடத்தில் புதியவர்களுக்கு வழி உண்டா? (வாசகர், மதுரை)

உண்டு. இந்த விழா 1979 செப்டம்பர் 18-இல், இசையமைப்பாளர் ப்ருக்னரின் பெயரால் லின்ஸில் நடக்கும் இசை விழாவின் பகுதியாகத் தொடங்கியது. அவருடைய எட்டாம் சிம்பனியை டான்யூப் கரையில் ஒலிபெருக்கிகளில் பரப்பிய 'க்ளாங்வோல்கே' (ஒலி மேகம்) நிகழ்ச்சியைக் கேட்க ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடினார்கள். எஃகு ஆலைகளின் ஊராக மட்டும் அறியப்பட்ட லின்ஸ் அதன்பின் கலை ஊராகவும் ஆனது.

போட்டி 1987-இல் சேர்ந்தது. பெயர் ப்ரீ ஆர்ஸ் எலெக்ட்ரோனிகா. முதல் பரிசு 'கோல்டன் நிக்கா' சிலை. அழைப்பு பொதுவாக ஜனவரியில் வெளியாகும், மார்ச் வாக்கில் முடியும். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கோல்டன் நிக்கா, அதற்கு அடுத்து இரண்டு விருதுகள், பிறகு பாராட்டாகத் தரும் சிறப்புக் குறிப்புகள் பல. புதியவர்கள் குறி வைக்க வேண்டியது அந்தச் சிறப்புக் குறிப்புகளைத்தான். விழாக் கண்காட்சிக்கு அழைக்கப்படுபவர்களில் அவற்றைப் பெற்றவர்களும் இருப்பார்கள். எல்லாப் பிரிவும் எல்லா ஆண்டும் வராது. ஊடாடும் (பார்வையாளரின் செயலுக்குப் பதில் தரும்) கலைப் பிரிவும் டிஜிட்டல் இசை, ஒலிக்கலைப் பிரிவும் ஆண்டு மாற்றி ஆண்டு வந்திருக்கின்றன. ஒலிப் படைப்பை அதற்கான ஆண்டு வரும்வரை வைத்திருப்பது, பொருந்தாத பிரிவில் திணிப்பதைவிட நல்லது. 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பிரிவு ஆஸ்திரியாவில் இருப்பவர்களுக்கு மட்டும்.

இன்னொரு வழி படிப்பு. லின்ஸ் கலைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டா சோமரரும் லோரான் மின்யோனோவும் 2004-இல் தொடங்கிய 'இன்டர்ஃபேஸ் கல்ச்சர்ஸ்' முதுகலைப் படிப்பின் மாணவர்கள் விழாவில் தங்கள் படைப்புகளைக் காட்டுகிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் மாணவர் படைப்புகளுக்கென 'கேம்பஸ்' கண்காட்சியும் உண்டு. அதற்கு அழைப்பு தனி ஆளுக்கு வராது, நிறுவனத்துக்கு வரும். ஆகவே உங்கள் கல்லூரித் துறைத்தலைவரிடமிருந்து தொடங்குங்கள்.

லின்ஸோடு நிறுத்த வேண்டாம். போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் டபிள்யூ.ஆர்.ஓ., ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக்கில் ஐரோப்பிய ஊடகக் கலை விழா, பெர்லினில் டிரான்ஸ்மீடியாலே, பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஃபைல் ஆகியவற்றின் அழைப்புகளையும் பாருங்கள்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் வீடியோ எப்படி இருக்க வேண்டும்? (வாசகர், கோயம்புத்தூர்)

மூன்று நிமிடத்துக்குள். முதல் 20 விநாடியில் படைப்பு ஓடுவது தெரிய வேண்டும்; பெயர்ப் பலகை, கல்லூரிச் சின்னம் எல்லாம் கடைசியில். குறைந்தது ஒரு நிமிடம் வெட்டில்லாத ஒரே காட்சியாக இருக்கட்டும்: ஒருவர் வருகிறார், தொடுகிறார், படைப்பு பதில் தருகிறது. ஊடாடும் படைப்பில் வெட்டு விழும் இடமெல்லாம் 'இங்கே வேலை செய்யவில்லையோ' என்ற ஐயத்தைக் கிளப்பும். மனிதர் இல்லாத படத்தில் படைப்பின் அளவும் புரியாது.

பின்னணி இசை சேர்க்காதீர்கள். படைப்பின் சொந்த ஒலியை அது மூடிவிடும். காமிராவின் மைக்கை நம்பாமல் ஒலியைத் தனியே பதிவு செய்து இணையுங்கள். இருட்டில் எடுப்பதென்றால் காமிராவின் தானியங்கி வெளிச்ச அளவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரை வெளுத்துப் போகும். இணைப்பைக் கடவுச்சொல்லோடு கொடுத்தால் முடிவுகள் வரும்வரை அந்தச் சொல்லை மாற்றக்கூடாது. சில நாளில் காலாவதியாகும் கோப்புப் பகிர்வு இணைப்பு வேண்டவே வேண்டாம். நடுவர்கள் அமர்வதற்குள் அது செத்துவிடும்.

ஆள் அருகில் வந்தால் ஒலிக்கும் படைப்பு. வீட்டில் சரியாக வேலை செய்கிறது, கல்லூரிக் கண்காட்சியில் தானாகவே ஒலித்தது, சில நேரம் ஒலிக்கவே இல்லை. ஏன்? (மாணவர், சென்னை)

எந்த சென்சார் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் வழக்கமான மூன்றையும் பார்ப்போம்.

கதவோர விளக்குகளில் வரும் பி.ஐ.ஆர். சென்சார் வெப்பத்தின் அசைவை மட்டும் உணரும். ஆழ்ந்து பார்ப்பவர் அசையாமல் நிற்பார். சென்சாருக்கு அவர் மறைந்துவிடுவார், ஒலி நின்றுவிடும். கலைப் படைப்புக்கு இது ஏற்ற சென்சாரே அல்ல.

எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற அல்ட்ராசோனிக் சென்சார் 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை அளக்கும் என்பார்கள். கெட்டியான, மென்மையான துணி அந்த ஒலியை விழுங்கிவிடும். கோட்டு போட்டவருக்கு அளவு தாறுமாறாக வரும். இரண்டு சென்சார்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் எதிரொலியை மற்றது பிடிக்கும். அதனால் ஒரே நேரத்தில் இயக்காமல், 60 மில்லி விநாடி இடைவெளியில் மாறி மாறி இயக்குங்கள். ஐந்து அளவுகள் எடுத்து நடுமதிப்பை மட்டும் நம்புங்கள். சராசரி எடுத்தால் ஒரு தப்பான அளவு எல்லாவற்றையும் கெடுக்கும்.

மைக் என்றால் காரணம் வேறு. அமைதியான அறையில் நிர்ணயித்த ஒலி எல்லை கண்காட்சி இரைச்சலில் எப்போதும் தாண்டப்பட்டிருக்கும். நிலையான எண் வைக்காமல், கடந்த 30 விநாடியின் சராசரியைவிட எவ்வளவு கூடுகிறது என்று நிரலில் கணக்கிடுங்கள்.

மூன்றுக்கும் மாற்றாக லேசர் ஒளியில் தூரம் அளக்கும் வி.எல்.53எல்1எக்ஸ் நல்லது. இருட்டில் 4 மீட்டர் வரை அளக்கும், அசையாமல் நிற்பவரையும் காணும். ஜன்னல் வெயில் நேரே பட்டால் மட்டும் அதன் எட்டும் தூரம் வெகுவாகக் குறையும்.

சென்சாரை இயக்கும் சிறு பலகையான ஆர்டுவினோ ஊனோவில் எழுதுகிறவர்கள் நிரலையும் ஒருமுறை பாருங்கள். மில்லிஸ் என்ற கட்டளை மில்லி விநாடியில் தரும் நேரத்தை 'இன்ட்' என்ற சிறிய எண் வகையில் சேமித்தால் 32.7 விநாடியில் அந்த எண் நிரம்பி எதிர்மறையாகிவிடும். அப்புறம் இடைவெளிக் கணக்கு எல்லாம் கோணல். 'அன்சைன்ட் லாங்' வகையில்தான் சேமிக்க வேண்டும்.

5 மீட்டர் எல்.இ.டி. பட்டையின் கடைசிப் பகுதி மட்டும் மஞ்சளாக எரிகிறது. பழுதான பட்டையா? (வாசகர், திருச்சி)

பட்டை நன்றாகத்தான் இருக்கிறது. டபிள்யூ.எஸ்.2812பி பட்டையில் ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். மீட்டருக்கு 60 விளக்கென்றால் 5 மீட்டரில் 300. மொத்தம் 18 ஆம்பியர், 5 வோல்ட்டில் 90 வாட். அவ்வளவு மின்னோட்டம் பட்டையின் மெல்லிய செம்புத் தகட்டில் போகும்போது வழியிலேயே வோல்ட்டேஜ் குறைகிறது. நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பைவிட அதிக வோல்ட்டேஜ் வேண்டும் என்பதால் முதலில் மங்குபவை அவைதான்; மிஞ்சுவது மஞ்சளும் சிவப்பும்.

இரு முனைகளிலும் நடுவிலும் தடித்த கம்பியால் மின்சாரம் கொடுங்கள். பிரகாசத்தைப் பாதியாக நிரலில் குறைத்தால் மின்னோட்டமும் ஏறத்தாழ பாதியாகும். இருட்டு அறையில் அதுவே தாராளம். மின் நுழைவில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், தரவுக் கம்பியில் பட்டைக்கு அருகே 330 ஓம் ரெசிஸ்டர். 3.3 வோல்ட்டில் இயங்கும் இ.எஸ்.பி.32, ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிப் பலகைகள் என்றால் 74ஏ.எச்.சி.டி.125 சிப் வழியாகச் சமிக்ஞையை 5 வோல்ட்டுக்கு ஏற்றுங்கள். அது இல்லாமலும் மேசையில் ஓடும். கம்பி நீண்டதும் விளக்குகள் கண்டபடி மின்னும். எல்லாப் பாகங்களின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருப்பது கட்டாயம்.

நான் விழா முடியும்வரை லின்ஸில் தங்க முடியாது. ராஸ்பெர்ரி பையில் ஓடும் படைப்பை விட்டுவிட்டு வரலாமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

விடலாம், விடும்படிதான் அமைக்கவும் வேண்டும். அங்கே காலையில் படைப்பை இயக்குபவர் ஒரு தன்னார்வலராக இருக்கலாம். இருபது படைப்புகள் அவர் பொறுப்பில் இருக்கலாம். சுவிட்சைப் போட்டால் ஓட வேண்டும், அணைத்தால் கெடக்கூடாது. இந்த இரண்டும்தான் தேவை.

இரண்டாவதுதான் பலரைக் கவிழ்ப்பது. இரவில் கூடத்தின் மின்சாரத்தை மொத்தமாக நிறுத்துவார்கள். அந்த நொடியில் பை எஸ்.டி. கார்டில் எழுதிக்கொண்டிருந்தால் கோப்பு அமைப்பு சிதையும், மறுநாள் எழாது. ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்பு நிரலில் 'ஓவர்லே ஃபைல் சிஸ்டம்' என்பதை இயக்கினால் கார்டு வாசிக்க மட்டும் ஆகும்; எழுதுவதெல்லாம் தற்காலிக நினைவகத்துக்குப் போகும். எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகே இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் செய்த மாற்றங்களும் அணைத்ததும் போய்விடும். அதே கார்டின் நகல்கள் இரண்டை உறையில் போட்டுப் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள்.

நிரலை, பையின் இயங்குதளமே தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி சேவையாக அமையுங்கள். நின்றால் தானே மறுபடி தொடங்கும். பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். கைப்பேசி சார்ஜரில் ஓட்டினால் திரை ஓரத்தில் மின்னல் குறி தோன்றும், வேகம் குறையும். மூடிய பெட்டியில் வெப்பம் 80 டிகிரியைத் தொட்டாலும் வேகம் குறையும் என்பதால் காற்றுத்துளை விடுங்கள். வைஃபையை நம்ப வேண்டாம். ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை திணறும். பாகங்களுக்கிடையே ஈதர்நெட் கம்பி போடுங்கள்.

அனுப்புமுன் 72 மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள், நடுவில் இருபது தடவையாவது பிளக்கைப் பிடுங்கிப் போடுங்கள். நினைவகம் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும் கோளாறு ஆறேழு மணி நேரம் கழித்தே வெளிப்படும். கடைசியாக, ஒரே தாளில் படங்களோடு குறிப்பு: இயக்கும் முறை, சரியாக ஓடும்போது எப்படித் தெரியும், நின்றால் செய்ய வேண்டியவை. படைப்பைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் அவரை இயக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் வரியைத் திருத்துங்கள்.

எந்த ப்ரொஜெக்டர் வேண்டும் என்று கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது. என்ன எழுதுவது? (வாசகர், புதுச்சேரி)

மாடல் பெயர் எழுத வேண்டாம். படத்தின் அகலம், ப்ரொஜெக்டர் வைக்கும் தூரம், தேவையான ஒளி (லூமென் அளவில்) ஆகிய மூன்றையும் எழுதுங்கள். தூரத்தை அகலத்தால் வகுத்தால் த்ரோ விகிதம். 3 மீட்டர் அகலப் படத்துக்கு 4.2 மீட்டர் தூரம் என்றால் 1.4. அந்தப் படத்தின் பரப்பு 16:9 அளவில் சுமார் 5 சதுர மீட்டர். 3000 லூமென் அதில் விழுந்தால் சதுர மீட்டருக்கு 600 லூமென், அதாவது 600 லக்ஸ். சுவரில் ஏற்கெனவே விழும் வெளிச்சம் இதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் கறுப்பு சாம்பலாகும். லின்ஸில் விழா பல ஆண்டுகள் நடந்த 'போஸ்ட்சிட்டி' ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய அஞ்சல் பிரிப்பு மையம். பகல் வெளிச்சம் புகும் கூடங்களும் உண்டு, நிலத்தடிப் பதுங்கறைகளும் உண்டு. எந்த இடம் என்று முதலில் கேளுங்கள்.

சாமான்களை விமானத்தில் கொண்டுபோவதில் சிக்கல் வருமா? (வாசகர், ஈரோடு)

விலையுயர்ந்த கருவிகளை விற்காமல் திரும்பக் கொண்டுவருவதென்றால் ஏ.டி.ஏ. கார்னே (தற்காலிகமாகக் கொண்டுபோகும் பொருளுக்குச் சுங்க வரி இல்லாமல் செய்யும் ஆவணம்) எடுங்கள். இந்தியாவில் ஃபிக்கி என்ற வர்த்தகக் கூட்டமைப்பு வழங்குகிறது. அதிகபட்சம் ஓராண்டு செல்லும். ஒவ்வொரு பொருளும் சீரியல் எண்ணோடு பட்டியலில் இருக்க வேண்டும். புறப்படும்போதும், ஐரோப்பாவில் நுழையும்போதும், வெளியேறும்போதும், ஊர் திரும்பும்போதும் சுங்கத்தில் முத்திரை வாங்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் வரி கேட்பார்கள்.

லித்தியம் பவர் பேங்கைக் கைப்பையில் மட்டும் வையுங்கள். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி பேங்க் 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. ஆஸ்திரியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், ஆனால் நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. வெறும் கம்பி தெரியும் 230 வோல்ட் இணைப்பை விழாக் கூடத்தின் பாதுகாப்புச் சோதனையில் நிராகரிப்பார்கள். சி.இ. (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) குறியுள்ள அடாப்டர் வழியாகத் தாழ்ந்த வோல்ட்டேஜில் மட்டும் வேலை செய்வது நல்லது.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக்கூடாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விழாவின் அழைப்புக் கடிதத்தில் தங்கும் செலவும் பயணச் செலவும் யாருடையது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதி வாங்குங்கள். நிறுவும் நாள்களும் பிரித்து அடுக்கும் நாளும் அந்தத் தேதிகளுக்குள் வர வேண்டும்; பலர் திறப்பு நாளிலிருந்து கணக்கிட்டு, விசா காலம் பற்றாமல் தவிக்கிறார்கள்.