ஒரே 8,500 ரூபாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவின் போனும் என் போனும் ஒரே மாடல். கடையில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் மகளை ஜூனில் மெட்ரிக் பள்ளியில் சேர்க்கப்போகிறாராம். சாதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வர்க்கம் என்று நீங்கள் விடாமல் எழுதுவது பழைய கம்யூனிஸ்ட் கட்சி வகுப்புகளின் மிச்சம் போலத் தோன்றுகிறது. அது இன்னும் இருக்கிறதா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

போனை வைத்து வர்க்கத்தை அளக்க முடியாது என்பது சரிதான். சட்டை, செருப்பு, பிரியாணி எதை வைத்தும் இனி முடியாது. ஒருவர் என்ன வாங்குகிறார் என்பதை விட்டுவிட்டு, அவரிடம் இருக்கும் ஒன்று பழுதாகும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

அந்த அக்காவின் கிரைண்டரையே எடுத்துக்கொள்வோம். சாயங்காலம் நாலு மணி, அரிசி ஊறிக் கிடக்கிறது, மோட்டார் காயில் எரிந்துவிட்டது. (லோ வோல்டேஜில் ஓட்டினாலும், கொள்ளளவுக்கு மேல் போட்டாலும் காயில் எரியலாம்.) நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, அரைத்தபின் எட்டு மணி நேரமாவது புளிக்க வேண்டும். இரவுக்குள் அரைக்காவிட்டால் நாளை கடை இல்லை. மாவு விலைக்கு வாங்கி ஊற்றலாம், ஆனால் லாபம் மாவுக் கடைக்குப் போய்விடும். ஆகவே இன்றே பணம் வேண்டும். 8,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் வீட்டில் அதே தொகைக்கு ஏதாவது போனால் கிரெடிட் கார்டைத் தேய்ப்பீர்கள். பில் போட்ட மறுநாள் வாங்கினால் ஏறக்குறைய 45 நாள் அவகாசம். கெடுவுக்குள் முழுசாகக் கட்டினால் வட்டி பூஜ்யம். கார்டு இல்லாமல், பீரோவில் ஒரு சவரன் இருப்பவர் வங்கியில் அடகு வைப்பார். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் 100 நாளுக்கு வட்டி சுமார் 233 ரூபாய். அக்கா தண்டல் வாங்குவார். பேச்சு பத்தாயிரம். 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 வரும். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

இங்கே படித்தவர்களே கணக்கில் சறுக்குகிறார்கள். 1,500-ஐ 8,500-ஆல் வகுத்து, பதினெட்டு சதவீதத்துக்குள்தானே என்பார்கள். அது 100 நாளுக்கான கணக்கு. தவிர, முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போகிறது. பாதி நாள் கடக்கும்போது வாங்கிய பணத்தில் பாதிகூட அவர் கையில் இல்லை. அதையும் சேர்த்துப் போட்டால் ஆண்டுக்கு 120 சதவீதத்தை ஒட்டி வருகிறது. 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வசூல் சைக்கிள் மட்டும் நிற்கவில்லை.

தெரிந்தும் ஏன் வாங்குகிறார்? தண்டல்காரர் கடைக்கே வருகிறார், தாள் கேட்பதில்லை, ஐந்து நிமிடத்தில் தருகிறார். தெரு வியாபாரிகளுக்காக 2020-இல் மத்திய அரசு ஸ்வநிதி கடனைக் கொண்டுவந்தது. ஈடு இல்லாமல் முதல் தவணை 10,000 ரூபாய் என்று தொடங்கிய நல்ல திட்டம். அதற்கு நகராட்சி கொடுக்கும் வியாபாரிச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். ஆதாரோடு இணைந்த போன் எண் வேண்டும். அந்த எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு வேறு சிம் வாங்கியிருந்தால் ஓடிபி யாருக்கோ போகும். எண்ணை மாற்ற ஒரு நாள், நகராட்சிக்கு ஒரு நாள், வங்கிக்கு ஒரு நாள். ஒவ்வொரு நாளும் கடை அடைப்பு. மோட்டார் எரிந்த சாயங்காலம் இதைத் தொடங்க முடியாது.

நான் வர்க்கம் என்று சொல்வது இதைத்தான். ஒரே 8,500 ரூபாய் ஒருவருக்கு இலவசம், ஒருவருக்கு 233, ஒருவருக்கு 1,500. தண்டல்காரர் சாதி கேட்பதில்லை. ஆனால் தண்டலுக்குப் போகும் முன் சொந்தக்காரர்களிடம் கைமாற்று எவ்வளவு தேறும் என்பதில் சாதிக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம், பிரித்துவிடவும் வேண்டாம்.

அரசுக்கே இதில் தெளிவு இல்லை. பட்டியல், பிற்படுத்தப்பட்ட பிரிவுகளில் வராதவர்களுக்கான பத்து சதவீத இடஒதுக்கீட்டில் ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் ‘பொருளாதாரத்தில் நலிந்தவர்’, அதாவது மாதம் 66,000 வரை. பட்டியல் சாதி மாணவருக்கான மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமான வரம்பு இரண்டரை லட்சம். மாதம் 21,000 கூட இல்லை. சரி, இதை இன்னொரு நாள் பேசுவோம்.

பள்ளி விஷயம்தான் அவசரம். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அந்த இடங்களில் சேர்பவருக்குக் கட்டணத்தை அரசு கட்டுகிறது. நிபந்தனை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ஆறாம் வகுப்பை மட்டும் மெட்ரிக்கில் படித்துவிட்டு, கட்டணம் தாங்காமல் ஏழாம் வகுப்பில் திரும்பி வந்தாலும் போனது போனதுதான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கு விலக்கு உண்டு. பணம் கட்டி ஆறாம் வகுப்பில் சேர்பவருக்குக் கிடையாது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் தருகிறார்களே, அதுவும் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்காக வந்ததுதான். பிறகு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியரையும் சேர்த்தார்கள். மெட்ரிக் வராது.

நீங்கள் பிள்ளைக்குப் பள்ளியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் டி.சி. வாங்கி மாற்றுவீர்கள், கோச்சிங் போடுவீர்கள், நீட் இரண்டாம் முறை எழுதவைப்பீர்கள். அந்த அக்காவுக்கு ஜூன் மாதத்து முடிவின் விளைவு ஏழு ஆண்டு கழித்து, கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவரும். மெட்ரிக் பள்ளி வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தப் பள்ளி நல்லதாகவும் இருக்கலாம். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து சேர்க்கட்டும்.

அட்மிஷன் பணம் கட்டுமுன் அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். ஆதாரில் இருக்கும் எண் இன்னும் அவர் போனில்தான் ஓடுகிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.