சொந்தக் காசில் ஃபர்ஸ்ட் கிளாஸ்: பணம் கட்டும் முன் ஒரு வார்த்தை

கேள்வி: எனக்கு வயது 67, மனைவிக்கு 63. மகள் சான் பிரான்சிஸ்கோ அருகே இருக்கிறாள். இதுவரை போனதெல்லாம் எகானமியில்தான். இப்போது மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் வலி. போன முறை இறங்கிய பிறகு நாலு நாள் கால் வீக்கம் வடியவில்லை. ஊரில் இருந்த நிலத்தை விற்ற பணம் கையில் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு தடவையாவது ஃபர்ஸ்ட் கிளாஸில் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. சென்னை–துபாய்–சான் பிரான்சிஸ்கோ போய்வர ஆளுக்கு ஆறு லட்சம், வேறெங்கே கேட்டாலும் இதைவிட அதிகம்தான், நாளைக்குள் பணம் கட்ட வேண்டும் என்கிறார் ஒரு ஏஜென்ட். மகள் வீண் செலவு என்கிறாள். சொந்தக் காசைப் போட்டு ஃபர்ஸ்ட் கிளாஸில் போவது தகுமா?
— ஓய்வுபெற்ற வாசகர், தாம்பரம்

பதில்: ஐயா, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபர்ஸ்ட் கிளாஸ் வேண்டாம். பிஸினஸ் கிளாஸ் வாங்குங்கள், மகள் வேண்டாம் என்றாலும் வாங்குங்கள். மனைவியின் முழங்காலுக்காகச் செலவழிக்கும் பணம் வீண் இல்லை. அந்த ஆறு லட்ச ரூபாய் டிக்கெட்டுக்கு மட்டும் நாளைக்குப் பணம் கட்டாதீர்கள். ஏன் என்று பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் பயணத்தில் இரண்டு பகுதிகள். சென்னையிலிருந்து துபாய்க்குச் சுமார் நாலு மணி நேரம். துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் சுமார் பதினாறு மணி நேரம். உடம்பை வதைப்பது இந்த இரண்டாவது பகுதி. எமிரேட்ஸ் நிறுவனம் இந்த வழியில் பெரும்பாலும் ஏ380 என்கிற இரட்டை மாடி விமானத்தை விடுகிறது. அதன் பிஸினஸ் கிளாஸ் இருக்கை முழுக்கப் படுக்கையாக நீளும். எல்லா இருக்கைக்கும் நேராக நடைபாதை உண்டு, யாரையும் தாண்டிப் போக வேண்டாம். உங்கள் மனைவிக்குத் தேவை இது. காலை நீட்டிப் படுக்க வேண்டும், நினைத்தபோது எழுந்து நடக்க வேண்டும். அது பிஸினஸிலேயே கிடைத்துவிடுகிறது.

ஃபர்ஸ்ட் கிளாஸில் கூடுதலாக என்ன? கதவு வைத்த தனி அறை போன்ற இருக்கை. ஏ380-இல் 14 பேருக்கு இரண்டு குளியலறை, ஆளுக்கு ஐந்து நிமிடம் தண்ணீர். நினைத்த நேரத்தில் சாப்பாடு, விலையுயர்ந்த ஷாம்பெயின், கேவியர் என்கிற மீன் முட்டை. அந்தக் கட்டணத்தில் இந்தச் சாப்பாடும் குடிவகையும் சேர்ந்துதான் இருக்கிறது. நீங்கள் சைவமா, குடிப்பவரா என்று எழுதவில்லை. இரண்டையும் தொடாதவர் என்றால் மற்றவர்கள் குடிப்பதற்கும் சேர்த்து நீங்கள் பணம் கட்டுகிறீர்கள் என்றே சொல்வேன். பெட்டி கணக்கும் பாருங்கள்: அமெரிக்கா போகும் எகானமி டிக்கெட்டில் 23 கிலோவில் இரண்டு பெட்டி, பிஸினஸில் 32 கிலோவில் இரண்டு. ஃபர்ஸ்டிலும் அதே 32 கிலோவில் இரண்டுதான். மகளுக்கு ஊறுகாயும் பொடியும் கொண்டுபோக பிஸினஸே போதும்.

இறங்கிய பின்னும் பெரிய வித்தியாசம் கிடையாது. அமெரிக்கக் குடியேற்ற வரிசையில் ஃபர்ஸ்ட் கிளாஸ் பயணிக்கென்று தனி வழி இல்லை. சென்னையில் வரிசை தவிர்க்க வேண்டுமென்றால் அதற்கு டிக்கெட் வகுப்பு தேவையில்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்காக மத்திய உள்துறை அமைச்சகம் நடத்தும் நம்பகமான பயணிகளுக்கான விரைவுக் குடியேற்றத் திட்டம் 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்தது. கட்டணம் இல்லை. இணையத்தில் விண்ணப்பித்து, கைரேகை கொடுத்துவிட்டால் தானியங்கி வாயில் வழியாகப் போகலாம். அதேபோல சக்கர நாற்காலி உதவி எந்த வகுப்புக்கும் இலவசம். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள், கடைசியில் 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லிவிடுங்கள். நீண்ட தூரம் நடக்க முடியாதவர், படி ஏற முடியாதவர், இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டியவர் என்று மூன்று வகை உண்டு. மனைவிக்கு எது பொருந்தும் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். "பிஸினஸ் எடுத்தால்தான் வீல்சேர் வரும்" என்று சொல்லி டிக்கெட் விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அது பொய்.

கால் வீக்கத்தைப் பற்றி ஒரு வரி. நாலு நாள் வடியாத வீக்கத்தை டாக்டரிடம் காட்டாமல் இந்தப் பயணம் வேண்டாம். ரத்தக்கட்டு வருவது எகானமி இருக்கையால் என்று பலர் நினைக்கிறார்கள். நீண்ட நேரம் அசையாமல் இருப்பதால்தான் வருகிறது. படுக்கை இருக்கை வாங்கிவிட்டுப் பதினாறு மணி நேரம் அசையாமல் கிடந்தால் பயனில்லை.

இப்போது பணத்துக்கு வருவோம். ஃபர்ஸ்ட் கிளாஸ் விலை, தன் சட்டைப்பையிலிருந்து கொடுக்கும் ஆளை மனதில் வைத்துப் போட்ட விலை அல்ல. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேருக்கு நிறுவனம் கட்டுகிறது, அல்லது அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் 'மைல்' என்கிற புள்ளிகளைச் சேர்த்து, அதில் வருகிறார்கள். நம் வரிமுறையும் அவர்கள் பக்கம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி தவிர்த்த எல்லா வகுப்புக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், முன்பு 12 ஆக இருந்தது. எகானமிக்கு 5. பிஸினஸ் டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் நாலு லட்சம் என்றால் வரி மட்டும் 72,000 ரூபாய். நிறுவனம் வாங்கினால் தொழில் செலவென்று காட்டி அந்த வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது தான் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து, கழித்துக்கொள்ளும். ஓய்வூதியக்காரர் கழிக்க முடியாது. முழங்கால் மடங்காத ஒரு அம்மா படுத்துக்கொண்டு போவதை ஆடம்பரம் என்று அரசு கணக்கு வைக்கிறது. எகானமிக்கும் பிஸினஸுக்கும் இடைப்பட்ட பிரீமியம் எகானமிக்கும் இதே 18 சதவீதம்தான். இதை எத்தனை முறை கேட்டாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, எனக்கு அலுத்துவிட்டது. ஆகவே ஏஜென்ட் சொல்லும் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

சரி, அந்த ஆறு லட்சத்துக்கு வருகிறேன். வெளியே அதிகமாக விற்கும் ஃபர்ஸ்ட் கிளாஸை ஒருவர் மிகக் குறைவாகத் தருகிறார் என்றால் அதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்.

முதலாவது, வேறொருவர் சேர்த்த மைல்களில் எடுத்த டிக்கெட். யாரோ ஒரு வியாபாரியின் கணக்கில் கிடக்கும் மைல்களைத் தரகர் விலைக்கு வாங்கி, உங்கள் பெயரில் டிக்கெட் போடுவார். பயணிகள் மைல்களைக் காசுக்கு விற்பதை விமான நிறுவனங்கள் தங்கள் விதிகளில் தடை செய்திருக்கின்றன. கண்டுபிடித்தால் டிக்கெட்டை ரத்து செய்வார்கள். போகும்போது விட்டுவிட்டு, நீங்கள் மகள் வீட்டில் இருக்கும்போது திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்வதும் நடக்கும். அப்போது கடைசி நேர விலையில் இரண்டு டிக்கெட் புதிதாக வாங்க வேண்டும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் இருக்காது, வரி மட்டும் இருக்கும். ஜிஎஸ்டி பில் தர மாட்டார். பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்வார். "யாராவது கேட்டால் சொந்தக்காரர் மைல் கொடுத்தார் என்று சொல்லுங்கள்" என்பார். அந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, பாதி ஃபர்ஸ்ட், பாதி வேறு வகுப்பு. நாலு மணி நேரத் துபாய்ப் பயணம் ஃபர்ஸ்ட், பதினாறு மணி நேரம் பிஸினஸ் அல்லது அதற்கும் கீழே. வாட்ஸ்அப்பில் "ஃபர்ஸ்ட் கிளாஸ் கன்ஃபர்ம்" என்று மட்டும் வரும். ஒவ்வொரு விமானத்துக்கும் எந்த வகுப்பு என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். விமானத்தின் வகையையும் கேளுங்கள். எமிரேட்ஸில் ஃபர்ஸ்ட் கிளாஸே இல்லாத ஏ380-களும் ஓடுகின்றன. பழைய போயிங் 777 விமானங்களின் பிஸினஸில் ஒரு வரிசைக்கு 2-3-2 என்று இருக்கை, அதாவது நடு இருக்கை உண்டு. பிஸினஸ் என்று வாங்கி நடுவில் மாட்டிக்கொண்டால் மனைவி பக்கத்து ஆளைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, கொழும்பிலிருந்து தொடங்கும் டிக்கெட். பிஸினஸ், ஃபர்ஸ்ட் இரண்டுமே சென்னையைவிடக் கொழும்பிலிருந்து பல சமயம் மலிவு என்பது உண்மை. இளைஞர்கள் போகிறார்கள், தப்பில்லை. உங்களுக்கு வேண்டாம். சென்னை–கொழும்புக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும். அந்த விமானம் தாமதமானால் அடுத்த விமானத்தைப் பிடித்துக் கொடுக்க யாருக்கும் பொறுப்பு இல்லை. பெட்டிகளைக் கொழும்பில் எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு இலங்கைக்குள் நுழைய வேண்டும், அதற்கு முன்அனுமதி வேண்டும். முழங்கால் வலியோடு இதெல்லாம் எதற்கு? சில ஏஜென்ட்டுகள் இதை முதலில் சொல்வதே இல்லை. பணம் கட்டிய பிறகுதான் "கொழும்பிலிருந்து" என்ற சொல் வரும். முதல் பகுதியில் ஏறாமல் துபாயில் போய் ஏறிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் நம்பாதீர்கள். முதல் பகுதியை விட்டால் மீதி முழுவதும் ரத்தாகிவிடும்.

நம் நாட்டில் பல மாநிலங்களில் டிராவல் ஏஜென்சி திறக்கத் தனி உரிமம் கட்டாயமில்லை. ஒரு மேசை, ஒரு போன், போதும். ஏமாந்தவர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் அலைகிறார், ஏமாற்றியவர் பக்கத்துத் தெருவில் வேறு பெயரில் போர்டு மாட்டுகிறார். அதனால் உங்கள் பாதுகாப்பு உங்கள் கையில்தான். ஆறு எழுத்து பிஎன்ஆர் மட்டும் வந்தால் அது டிக்கெட் இல்லை, இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 13 இலக்க டிக்கெட் எண் வேண்டும். முதல் மூன்று இலக்கம் எந்த நிறுவனம் என்று காட்டும்: எமிரேட்ஸ் என்றால் 176, ஏர் இந்தியா 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618. அந்த எண்ணை வைத்து விமான நிறுவனத்தின் தளத்திலோ போனிலோ நீங்களே சரிபாருங்கள். ரொக்கமாகக் கொடுக்கவே கூடாது. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. இன்னொன்று, ஒரு வருடத்தில் வெளிநாட்டுப் பயணத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் செலவழித்தால், வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

மலிவு பிஸினஸ் டிக்கெட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. எமிரேட்ஸில் "ஸ்பெஷல்" என்ற மிகக் குறைந்த பிஸினஸ் கட்டணத்தில் விமான நிலைய ஓய்வறை (லவுஞ்ச்) கிடையாது, வீட்டிலிருந்து கார் கிடையாது. துபாயில் சில மணி நேரம் காத்திருக்கும்போது மனைவி கால் நீட்ட ஓய்வறை உங்களுக்கு அவசியம். கட்டணத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் ஒரு பக்கம் பிஸினஸ், ஒரு பக்கம் எகானமி என்று ஒரே டிக்கெட்டில் வாங்க முடியும்.

உங்கள் ஆசையை நான் ஒதுக்கிவிடவில்லை. சொந்தக் காசில் ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு நான் சரி என்று சொல்லும் ஒரே சந்தர்ப்பம் உண்டு. பிஸினஸ் டிக்கெட் கையில் இருக்கும்போது, பயணத்துக்குக் கொஞ்ச நாள் முன்போ செக்-இன் நேரத்திலோ விமான நிறுவனமே "இவ்வளவு கட்டினால் ஃபர்ஸ்ட் தருகிறோம்" என்று கேட்கும் சந்தர்ப்பம். இடம் காலியாகப் போவதைவிட வந்தது லாபம் என்று தரும் விலை அது. முழு விலையோடு ஒப்பிட்டால் பல மடங்கு குறைவாக இருக்கலாம். ஆனால் நாலு விஷயம் பாருங்கள். அந்த அழைப்பு நிறுவனத்தின் தளத்திலோ செயலியிலோ கவுன்டரிலோ வந்திருக்க வேண்டும், ஏஜென்ட் வழியாக அல்ல. சென்னை–துபாய்க்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், நீண்ட பகுதிக்கு மட்டும் எடுங்கள். இருவருக்கும் சேர்ந்து கிடைக்க வேண்டும், ஒருவர் மட்டும் முன்னால் போவதில் அர்த்தமில்லை. கட்டிய பணம் திரும்புமா, விமானம் மாறினால் என்ன ஆகும் என்பதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். அழைப்பு வராமலும் போகலாம். அதை நம்பி எகானமி வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், பிஸினஸ்தான் உங்கள் அடித்தளம். வந்தால், விலை உங்களுக்குக் கட்டுப்படியானால், தயங்காமல் எடுங்கள். அந்தக் குளியலறையில் ஐந்து நிமிடம் குளித்துவிட்டுப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வாங்கிய வகுப்பிலிருந்து உங்களைக் கீழே இறக்கினால் சும்மா இருக்க வேண்டாம். நம் நாட்டு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ 2023 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிப்படி, சர்வதேசப் பயணத்தில் 1,500 கிலோமீட்டர் வரை டிக்கெட் விலையில் 30 சதவீதம், 3,500 வரை 50 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் வரியோடு சேர்த்துத் திரும்பத் தர வேண்டும். கவுன்டரில் யாரும் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்கள். இடம் மாற்றியதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பழைய போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

மிச்சமாகும் பணத்தில் அமெரிக்காவுக்கான மருத்துவக் காப்பீட்டை, முன்பே இருக்கும் நோய்க்கும் பொருந்துகிறதா என்று படித்துப் பார்த்து, நல்லதாக எடுங்கள். அப்புறம், ஏஜென்ட் மூலம் வாங்கினாலும் பதிவில் உங்கள் கைபேசி எண்ணும் உங்கள் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். பல ஏஜென்ட்டுகள் தங்கள் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். விமான நேரம் மாறிய செய்தியும் நான் சொன்ன அந்த ஃபர்ஸ்ட் கிளாஸ் அழைப்பும் அவர்களுக்கே போய்ச் சேரும், உங்களுக்கு வராது.