மாதுளைத் தோல் சாறு: கோழி தண்ணீர் குடிப்பது குறைந்தால்

வணக்கம் நண்பரே. மாதுளைத் தோலை வேகவைத்து வடிகட்டி, கறி நன்றாக வர வேண்டும் என்று பிராய்லர் கோழிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறீர்கள். இப்போது கோழி குடிப்பது குறைந்துவிட்டது, நிப்பிளும் (கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனை) அடைக்கிறது என்கிறீர்கள். முதலில் சாற்றை நிறுத்துங்கள், இன்றைக்கே.

குடிப்பது குறைய முக்கியக் காரணம் தோலில் இருக்கும் டானின். அதுதான் அந்தத் துவர்ப்பு. பிராய்லர் தின்னும் தீவனத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு தண்ணீர் குடிக்கும். தண்ணீர் குறைந்தால் தீவனமும் குறையும், எடை நின்றுவிடும். டானின் அளவு மீறினால் புரதம் செரிப்பதும் கெடும். சாற்றிலுள்ள சர்க்கரை குழாய்க்குள் வழுவழுப்பான படலத்தை வளர்க்கும், தண்ணீரைச் சுத்தப்படுத்தப் போடும் குளோரினையும் வீணாக்கும். தண்ணீர்க் குழாய் லைன் முழுவதையும் நன்றாக அலசி விடுங்கள். தண்ணீரில் தடுப்பூசி மருந்து கொடுக்கும் நாளில் இதையெல்லாம் கலக்கவே கூடாது.

கறிக்குப் பலன் இல்லையா என்றால், உண்டு. தோலிலுள்ள பாலிபீனால்கள் (டானினும் இந்த வகைத் தாவரப் பொருள்தான்) கொழுப்பு காறிப்போவதைத் தாமதப்படுத்தும். ஆனால் அது குளிர்பதனத்தில் சில நாள் வைக்கும் கறியில்தான் பெரும்பாலும் தெரியும். நீங்கள் உயிர்க்கோழியாகக் கொடுக்கிறீர்கள், கடையில் உடனே வெட்டி விற்றுவிடுகிறார்கள். உங்களுக்கு இந்தப் பாடு தேவையில்லை என்பேன்.

விருப்பம் இருந்தால், தோலை நன்றாகக் கழுவி நிழலில் காயவைத்துப் பொடியாக்கி, சிறு அளவில் தீவனத்தில் கலந்து, தனியாகப் பிரித்த கொஞ்சம் கோழிகளுக்கு மட்டும் கொடுங்கள். வாராவாரம் எடை போடுங்கள். மற்ற கோழிகளைவிட எடை குறைந்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், பிடிக்கும்போதும் ஏற்றும்போதும் வெயில் வேண்டாம், இரவில் ஏற்றுங்கள். கறியின் தரத்துக்கு அதுவே பெரிய உதவி.