மாத்திரையால்தான் அம்மாவுக்கு மறதியா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது, கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்ச நாளாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு மறந்துபோகிறார். மாத்திரைதான் காரணம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்ல, நிறுத்திவிட்டேன். எனக்கு 49. என் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 4.3 என்கிறார்கள். எனக்கும் மறதி நோய் வருமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தியது சரியில்லை. இந்த வாரமே அம்மாவைக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) அழைத்துப் போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடும் சிலருக்கு மறதியோ குழப்பமோ வரலாம் என்று 2012-ல் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பில் சேர்த்தார்கள், அக்கா காதில் விழுந்தது அதுவாக இருக்கலாம்; ஆனால் அது அபூர்வம், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 70 முதல் 82 வயது வரை உள்ள 5804 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்த சோதனையில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஞாபக சக்தி மற்றவர்களைவிட மோசமாகவில்லை, கூடவும் இல்லை. மாத்திரையை விட்டு பக்கவாதம் வந்தால்தான் ஞாபகத்துக்கு நிஜமான ஆபத்து.

அப்புறம், மறதிக்கு வேறு காரணங்களும் உண்டு. தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள், காது நன்றாகக் கேட்கிறதா என்பதையும். போகும்போது நாட்டு மருந்து உட்பட அம்மா சாப்பிடுகிற அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

எனக்கு அம்மாவைவிட உங்கள் எல்டிஎல் எண்தான் கவலை. முதுமையில் எடுக்கிற கொலஸ்ட்ரால் அளவு மறதி நோயைப் பற்றி அதிகம் சொல்லாது, நோய் வருவதற்குச் சில வருடங்கள் முன்பே அது தானாகக் குறைவதும் உண்டு. நடுவயதுக் கணக்கு வேறு. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல், நடுவயதில் எல்டிஎல் கூடுதலாக இருப்பதை, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. உலகில் மறதி நோய் வருகிறவர்களில் 100-க்கு 7 பேருக்கு இதைச் சரிசெய்தால் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. அதற்காக உங்களுக்கு வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்கிறது, நாசி லெமாக்கின் சந்தான் (தேங்காய்ப்பால்) நேராக அங்கே போவதில்லை. கொலஸ்ட்ரால் இரத்தக் குழாய்களில் படிந்து, மூளைக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பதுதான் பெரிய கெடுதல். பிரஷரும் சுகரும் சேர்ந்தால் இன்னும் மோசம். அதனால் அம்மாவோடு போகிற அன்றே அது இரண்டையும் பார்த்துவிடுங்கள், டாக்டர் உங்களுக்கும் மாத்திரை எழுதினால் பயந்து மறுக்காதீர்கள்.